கண்வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

“குமரேசு, அந்த மெசினக் கீழ வெச்சுட்டு இங்க வா.”

ஃபோர்மேன் பழனிவேல் அண்ணன் கூப்பிட்டபோது நான் சூளைக்கு எதிரே, நம் எல்லோருக்கும் தெரிந்த அந்த வெள்ளைக்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கையில் வெப்பமானித் துப்பாக்கி. “இருங்கண்ணா, இன்னும் ஒரு எடம் பாக்கியிருக்குது” என்றேன். காத்திருக்க வைத்தால் அவர் திட்டுவார். அன்று திட்டவில்லை. நான் முடிக்கும்வரை காத்து நின்றார். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“ஆட்டையாம்பட்டிப் புள்ள போயிருச்சு, சாமி. வெடியக்காலைல. காமாலையாமா.”

“எந்தப் புள்ளைங்க?” என்று கேட்டேன். ஆட்டையாம்பட்டியிலிருந்து நம் தொழிற்சாலைக்கு வந்து வேலை பார்த்த பெண் ஒரே ஒருவர்தான். தெரிந்தேதான் கேட்டேன். வேறு யாராவது பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்று.

சுலோச்சனா அக்கா போய்விட்டார். முப்பது வயது நிறையவில்லை. நம் தொழிற்சாலை மன்றத்து மலரில் அவரைப் பற்றி எழுது என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை, அப்புறம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, அப்புறம் நூல் கடை என்று எதிலும் கால் தரிக்காதவன். என்னைப் போய் எழுதச் சொல்கிறீர்களே என்றேன். “அந்தப் புள்ளகூட நின்னவன் நீதானப்பா” என்றார் பழனிவேல் அண்ணன். அது உண்மை. அதனால் எழுதுகிறேன். அலங்காரம் எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் விலகிய பிறகு சேர்ந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தத் துப்பாக்கி எப்போதும் இப்படியே தூரக்கண்ணாடியோடு இருந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. நம் உருளைச் சூளை படுத்த வாக்கில் மெல்லச் சுற்றும் ஓர் இரும்புக் குழாய். உள்ளே செங்கல் பதித்திருக்கிறது. அதற்குள் நெருப்பும், சுரங்கத்திலிருந்து வந்து வேகும் வெள்ளைக்கல்லும். குழாயைச் சுற்றி டயர் என்று நாம் சொல்லும் தடித்த இரும்பு வளையங்கள் மாட்டியிருக்கின்றன; அவற்றின் மேல்தான் அது உருள்கிறது. உள்ளே செங்கல் தேய்ந்தால் அந்த இடத்தில் வெளி இரும்பு சூடாகும். முற்றிப்போனால் இருட்டில் சிவப்பாகத் தெரியும். சிவப்பு தெரிந்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை. அதற்கு முன்னாலேயே, தொடாமல், தள்ளி நின்று சூட்டைச் சொல்லத்தான் பம்பாயிலிருந்து அந்தத் துப்பாக்கியை வாங்கினார்கள். குதிரை என்னும் விசையை இழுத்தால் தலைமேல் இருக்கும் முள் நகர்ந்து எண்ணைக் காட்டும்.

அதைத் தூக்கிக்கொண்டு முதல் முறை வெளியே வந்த அன்று கல் பொறுக்கும் பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ராமாயி அம்மா முன்னால் வந்து தலையை நீட்டினார்.

“ஏங்கண்ணு, எனக்கு ரெண்டு நாளாக் காச்சலாட்டந்தான் இருக்குது. என்ற நெத்தியக் கொஞ்சம் பாரு.”

சுலோச்சனா அக்கா சிரிக்காமல் நெற்றிக்கு நேரே பிடித்துக் குதிரையை இழுத்தார். முள் அசையவில்லை. நூறு டிகிரிக்கு மேல்தான் அது பேசவே ஆரம்பிக்கும்.

“என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லலீங்கம்மா. முள்ளு அசையவே மாட்டேங்குது.”

“அட கெரகமே, அப்ப நான் செத்துப்போயிட்டனா?”

“இதுக்குக் கொதிக்கிற மனுசங்கதான் கணக்குங்கம்மா. நம்ம மேனேஜரு கோவமா இருக்கறப்பப் பிடிச்சாத்தான் காட்டும்.”

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. டிப்ளமோ படித்த பெண், கண்ணாடி போட்டிருக்கிறது, கருவிப் பிரிவுக்கு வந்திருக்கிறது, நம்மோடு பேசாது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவர் ‘நம்ம புள்ள’ ஆனார். மதியச் சாப்பாட்டை அறையில் உண்ணாமல் சூளை நிழலில் அவர்களோடு உட்கார்ந்து உண்பார். வீட்டிலிருந்து கொண்டுவரும் கை முறுக்கு அவருக்கு ஒன்று மிஞ்சினால் அதிகம்.

துப்பாக்கி வந்துவிட்டதே தவிர அதை நம்ப முடியவில்லை. குறி பார்க்க அதன் முனையில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும்தான். கிட்டே போய்ப் பார்த்தால் அது உள்ளங்கை அளவு இடத்தின் சூட்டைச் சொல்லும். சூளைக்குக் கிட்டே போக முடியாது. தள்ளி நின்றால் சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தைச் சேர்த்துச் சொல்லும். அந்தத் தட்டு சூளையில் எங்கே விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தை அவர் பார்த்தால் ஓர் எண், நான் பார்த்தால் இன்னோர் எண். “ஆளுக்கொரு சூளையாடா ஓட்டறீங்க?” என்று பழனிவேல் அண்ணன் கேலி செய்வார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தூரக்கண்ணாடி வேண்டும் என்று மேனேஜரிடம் மறுபடி மறுபடி போய் நின்று, கடைசியில் வரவழைத்துவிட்டார்.

பார்சலைப் பிரித்தால் கண்ணாடி அருமையாக இருந்தது. ஒரு சாண் நீளம், உள்ளே மெல்லிய கூட்டல் குறி. ஆனால் அதைப் பிடிக்கும் தாங்கி வேறு ஏதோ துப்பாக்கிக்கு உரியது. தலைமேல் உட்கார வேண்டும். நம்முடையதில் தலைமேல் முள் இருக்கிறது. திருப்பி அனுப்பலாம் என்றேன். “அனுப்பினா அடுத்த பொங்கலுக்கு வரும்” என்றார் அக்கா. அட்டையை வெட்டி மாதிரி செய்து, இடப்பக்கம் பொருந்துகிற மாதிரி ஒரு தகடு வரைந்து, நம் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினார். இரும்பு கண்ணாடிக் குழாயைக் கடித்துவிடக் கூடாது என்று சைக்கிள் ட்யூபை வெட்டி நடுவில் சுற்றினார். திருகை முடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். “ரொம்ப முடுக்காத குமரேசு. புடிச்சா போதும், நெரிக்க வேண்டாம்” என்பார். நான் எதையும் நெரித்தே பழகியவன்.

கண்ணாடியைப் பூட்டினால் மட்டும் போதாது. கூட்டல் குறி காட்டும் இடமும் துப்பாக்கி சூட்டைப் பார்க்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குச் சூடான ஏதாவது ஒரு பொருளை வைத்து, முள் உச்சத்துக்குப் போகும்படி துப்பாக்கியை நிறுத்திவிட்டு, பிறகு கூட்டல் குறி அதன் மேல் விழும்வரை கண்ணாடியின் திருகுகளைத் திருப்ப வேண்டும். சூடான பொருளுக்கு எங்கே போவது? வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பொன்னுசாமி அண்ணனின் கரிப்பெட்டி கண்ணில் பட்டது.

“எம்பட பொட்டிக்கு என்னங்க, காச்சலா?”

“ஆமாங்கண்ணா. ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரில வெச்சிருந்துட்டுக் குடுத்தர்றோம்.”

அன்று அடைமழை. வெளியே நிற்க முடியவில்லை. அறையிலேயே ஒரு கோடியில் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மறு கோடியிலிருந்து குறி சேர்த்தோம். கூட்டல் குறி பெட்டியின் நட்டநடுவில்; முள் உச்சத்தில். அக்கா கைதட்டினார். நானும் தட்டினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குறி சேர்த்தது அறைக்குள், கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில்.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தார். அவருக்குக் கிட்டப்பார்வை. மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் தூரக்கண்ணாடி இடிக்கும். அதனால் குறி பார்க்கும்போது அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவார். கண் வைக்கும் இடத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பித் தன் பார்வைக்குத் தெளிவாக வைத்துக்கொள்வார். நான் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுத்தால் வளையம் மாறியிருக்கும். மறுபடி தேட வேண்டும். “உன் கண்ணு வந்து என் கண்ணக் கெடுக்குது” என்று சொல்லி, வால்வுகளுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ட்டைத் தீக்குச்சி முனையில் தொட்டு, வளையத்தில் தன் இடத்துக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார்.

கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்துவிட்டால் முள்ளைப் பார்க்க முடியாது. அதனால் அது இரண்டு பேர் வேலை. அவர் குறி பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று முள்ளைப் படிப்பேன். குறி இடத்தில் நின்றதும் “ம்” என்பார். நான் எண்ணைச் சொல்வேன். “ம்.” “இருநூத்திப் பத்து.” “ம்.” “இருநூத்தி இருவது.” நாள் முழுக்க எங்களுக்குள் வேறு பேச்சே தேவைப்படாது. அவர் சொல்வதற்கு முன் நான் எண்ணைச் சொன்னால் அதை எழுத விடமாட்டார். “நான் இன்னும் வந்து சேரல. நீ யாரோட சூட்டைச் சொல்ற?” என்பார். எந்த வேலையிலும் அவசரப்பட்டவனாகிய நான் அந்த ஒரு எழுத்துக்காகக் காத்து நிற்கப் பழகினேன்.

அந்த நாட்களில் அவருடைய நினைப்பெல்லாம் ஒரு வீட்டின் மேல் இருந்தது. அவர் தற்காலிகப் பணியில் இருந்தார். நிரந்தரமானால் நம் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். கடைசி வரிசையில், முருங்கை மரம் நிற்கும் அந்த ஓரத்து வீடு காலியாக இருந்தது. அப்பா இல்லை. அம்மா, ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டில். அண்ணன் தறி ஓட்டுகிறார், நல்லவர்தான். ஆனால் ஒரே கூரையின் கீழ் மாமியாரும் மருமகளும் படும் பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. “எங்கம்மா ஒரு டம்ளரு காப்பி தானா வெச்சுக் குடிச்சு எத்தனையோ நாளாச்சு, குமரேசு. அந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து அடுப்படில உட்டர்றேன். இது உன்னோடது, என்ன வேணா வெச்சுக் குடின்னு” என்பார். அம்மாவிடம் அந்த முருங்கை மரத்தைப் பற்றிக்கூடச் சொல்லி வைத்திருந்தார். சூளையின் ஏற்றஇறக்கத்தைச் சரியாகச் சொல்கிறார் என்று மேனேஜருக்கு அவர் மேல் நல்ல எண்ணம். திங்கட்கிழமை ஆணை வருகிறது என்று தட்டச்சு அறையிலிருந்தே செய்தி வந்துவிட்டது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. சாப்பிட்டு முடித்துச் சூளைப் பக்கம் நின்றிருந்தோம். வாசலில், எங்களுக்கும் சூளைக்கும் இருக்கும் அதே தூரத்தில், பொன்னுசாமி அண்ணன் ஒரு பேன்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டாக அக்கா துப்பாக்கியை அவர் பக்கம் திருப்பினார்.

“பாப்பம், கரி போட்டிருக்காரா, சும்மா தேச்சுட்டிருக்காரான்னு. ம்.”

“முள்ளு அசையலீங்கக்கா.”

“பொட்டி மேலதான் வெச்சிருக்கறேன். நல்லாப் பாரு.”

“அசையவே இல்லீங்க. பொட்டி ஆறிப்போச்சாட்டந்தான் இருக்குது.”

அந்த நேரம் பார்த்துப் பொன்னுசாமி அண்ணன் துணியில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது எங்களுக்கே தெரிந்தது. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் துப்பாக்கியை மயிரிழை மயிரிழையாக வலப்பக்கம் நகர்த்தினார்.

“இப்ப?”

“இல்லீங்க.”

“இப்ப?”

முள் துள்ளியது. “ஏறுதுங்கக்கா! இப்ப எங்க வெச்சிருக்கீங்க?”

“பொட்டிக்கு ஒரு சாண் தள்ளி. மடிச்சு வெச்ச சட்டை மேல.”

கண்ணாடி இடப்பக்கம் இருக்கிறது. துப்பாக்கியின் வாய் அதற்குப் பக்கத்தில். இரண்டின் பார்வையும் ஏதாவது ஒரு தூரத்தில்தான் ஒன்றாகச் சேரும். நாங்கள் சேர்த்தது மழை நாளில், அறைக்குள். அந்தத் தூரத்தைத் தாண்டினால் இரண்டும் மறுபடி விலகும். போகப் போக விலகிக்கொண்டே போகும். சூளை நிற்கும் தூரத்தில் ஒரு சாண் விலகல். இவ்வளவு நாளும் அவர் ஓர் இடத்தைப் பார்த்து “ம்” சொல்லியிருக்கிறார். நான் அதற்கு ஒரு சாண் இடப்பக்கத்தின் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். பல இடங்களில் அதனால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டாவது டயருக்கு வலப்பக்கம்? அங்கே குழாயைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு டயரைப் படித்திருக்கிறோம். டயர் தடித்த இரும்பு. அது எப்போதும் குளிர்ச்சியாகத்தான் காட்டும்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக்கூட என்னிடமிருந்து வாங்காமல் சூளை முன்னால் போய் நின்றார். ஒரு சாண் தள்ளிக் குறி வைத்தார். “ம்” என்றார். நான் முள்ளை மறுபடி மறுபடி பார்த்தேன்.

“சொல்லு குமரேசு.”

“நானூத்தி முப்பது.”

நான் மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுகிறவன். அன்றும் சொன்னேன். “அக்கா, திருகைச் சரி பண்ணிருவோம். இன்னைக்குத்தான் சூடு ஏறுச்சுன்னு எழுதிருவோம். சூளையும் தப்பிச்சுக்கும். திங்கக்கெழம உங்களுக்கு ஆர்டரு வருது. ஊடு வருது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

அவர் கோபப்படவில்லை. நான் சொன்னதை எடைபோட்டுப் பார்த்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் அந்த முருங்கை மரம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

“இன்னைக்குத்தான் ஏறுச்சுன்னு சொன்னா நெருப்பக் கொறச்சு வெச்சு மாசக் கடைசி வரைக்கும் ஓட்டுவாங்க. புது மழைல இரும்பு சுருங்குது, விரியுதுன்னு ஏதாச்சும் காரணம் சொல்லிக்குவாங்க. ஆரம்பத்துல இருந்தே இப்பிடித்தான் இருந்திருக்குது, நாங்கதான் பாக்கலைன்னு சொன்னாத்தான் இன்னைக்கே நிறுத்துவாங்க. அடியில ராமாயியம்மா ஒக்காந்து சோறு திங்குது, குமரேசு.”

மேனேஜர் அறைக்கு நானும் போனேன். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மழை நாள், இஸ்திரிப் பெட்டி, அறை, ஒரு சாண், எல்லாம். மேனேஜர் துப்பாக்கியை வாங்கி முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

“கருவிதான் தப்புன்னு பம்பாய்க்கு எழுதிரலாமா?”

“கருவி மேல தப்பு இல்லீங்க சார். அது பாத்தது எதுவோ அதத்தான் சொல்லுச்சு. நாந்தான் வேற எடத்தப் பாத்துட்டு இருந்தனுங்க.”

“நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா.”

“ஆமாங்க சார். அதனாலதான் சொல்றனுங்க.”

சூளை அன்று மாலையே நின்றது. ஆறிய பிறகு உள்ளே போன பழனிவேல் அண்ணன் வெளியே வந்து இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார். இரண்டாவது டயருக்குப் பக்கத்தில் செங்கல் அவ்வளவுதான் மிச்சம். இரும்பும் லேசாக உப்பியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள்.

திங்கட்கிழமை ஆணை வரவில்லை. மேனேஜரைக் கெட்டவராக்க எனக்கு விருப்பமில்லை. அவர் மேலே எழுதித்தான் பார்த்தார். தவறாக அளந்தவர் என்று ஏட்டில் ஏறிவிட்டவரை உடனே நிரந்தரமாக்க மேலே இருந்தவர்கள் ஒப்பவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். முருங்கை மர வீடு வேறொருவருக்குப் போனது. அங்கே குடியிருப்பவர் மேலும் தவறில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று குதித்தேன். அக்கா என்னைப் பார்த்து, “நீ போனா முள்ள ஆரு படிக்கறது? வா, வேல கெடக்குது” என்றார்.

சூளையை மறுபடி ஓட்டியதும், இந்த முறை குறியை வெளியில், சூளை நிற்கும் தூரத்திலேயே சேர்த்தார். பொன்னுசாமி அண்ணன் பெட்டியைத் தர மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் தானே தூக்கிக்கொண்டு வந்தார். சூளையின் டயரைத் தாங்கும் மேடைக்குப் பக்கத்தில் பெட்டியோடு ஒட்டி நின்றுகொண்டு, “சீக்கிரம் பாருங்க புள்ள, இந்தச் சூளையும் எம்பட பொட்டியும் ஒண்ணா வேகுது” என்று கத்தினார். குறி சேர்ந்ததும் அக்கா நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பெரிய வெள்ளைக்கல்லைப் புதைக்கச் சொன்னார். “இது மேல நின்னு பாத்தாத்தான் இந்தக் கண்ணாடி நெசம் பேசும். ஒரு எட்டு முன்னால போனாலும் அது வேற ஒலகம்” என்றார். நீங்கள் எல்லோரும் கால் தடுக்கித் திட்டும் கல் அதுதான். இனித் திட்டும்போது கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை என்பது வரவே இல்லை. சில மாதங்கள் பார்த்துவிட்டு, அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மாவு சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டார். தினமும் ஆட்டையாம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார். கடைசி நாள் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தார். “இனி நீ குறி பாரு. முள்ளப் படிக்க அவசரப்படாத ஆளாப் பாத்து வெச்சுக்க” என்றார். “நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர், முறுக்கு எடுத்துக்கொண்டு பிறகு ஒரே ஒரு முறைதான் வந்தார். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று ராமாயி அம்மா அன்றைக்கே கேட்டிருக்கிறார். “பஸ்ஸுத் தூசிங்கம்மா” என்றாராம்.

ஆட்டையாம்பட்டிக்கு ஒரு வேனில் போனோம். கல் பொறுக்கும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை, நிறுத்தி வைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடி இல்லாமல் கிடத்தியிருந்தார்கள். “கண்ணாடி இல்லாம அடையாளமே தெரியலியே” என்று யாரோ அழுதார்கள். எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தது அந்த முகத்தைத்தான். ராமாயி அம்மா கிட்டே போய்க் குனிந்து, அக்காவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நெடுநேரம் இருந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

புறப்படும்போது அக்காவின் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“நீதான் குமரேசனா, கண்ணு? அவ ‘ம்’னு சொன்னா எண்ணு சொல்ற பையன்?”

“ஆமாங்கம்மா.”

“ஊட்டுலயும் கூப்புட்டா ‘ம்’தான். வேற சத்தமே வராது.” கொஞ்ச நேரம் சேலை முந்தியைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “அந்த ஊட்டுல முருங்கமரம் இருக்குதுன்னு சொன்னாளே. இன்னும் காய்க்குதா, சாமி?”

“காய்க்குதுங்கம்மா” என்றேன். “நல்லாக் காய்க்குதுங்க.”

வேறு என்ன சொல்ல முடியும்? காய்க்கத்தான் செய்கிறது.

மறுநாள் வேலைக்கு வந்தேன். பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கல்லின் மேல் ஏறினேன். முள்ளைப் படிக்க இப்போது என்னோடு நிற்பவன் மாதேஸ்வரன். நல்ல பையன், அவசரக்காரன். அவனைக் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, கண்வளையத்தை அந்தச் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பினேன். எனக்குச் சூளை கரைந்துபோனது. டயரும் தெரியவில்லை, கூட்டல் குறியும் தெரியவில்லை, எல்லாம் புகை. அந்தப் புகைதான் அவருக்குத் தெளிவு. அந்தப் புள்ளியில் வைத்துத்தான் அவர் அந்த நானூற்று முப்பதின் மேல் குறி நிறுத்தினார்.

என் கண்ணுக்குத் தகுந்தபடி வளையத்தைத் திருப்பிக்கொண்டு குறி வைத்தேன். “ம்” என்றேன். மாதேஸ்வரன் எண்ணைச் சொன்னான். அந்த “ம்” என்னுடையது இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் லென்ஸைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, கடைசியாக வளையத்தை அந்தப் புள்ளிக்குத் திருப்பிவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறேன். காலையில் எடுக்கும்போது மறுபடி என் கண்ணுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. “எதுக்கண்ணா தெனமும் இந்த ரெட்ட வேல?” என்று மாதேஸ்வரன் கேட்கிறான். அவன் அவரைப் பார்த்ததில்லை. உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். அவனுக்கு நீங்களே சொல்லுங்கள்.